விரதம் இருந்த தகரப் பீலி

ஏணியின் உச்சியில் நின்று, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரப் பீலிக்குள் மூக்கை விட்டு முகர்ந்துகொண்டிருக்கிற மனிதனைப் பற்றித் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாகலிங்கம் ஒரு நிமிஷம் யோசித்தார். நினைக்க வேண்டியதையெல்லாம்தான் போன வருஷமே நினைத்து முடித்துவிட்டார்களே என்று தோன்றியது. மூக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார்.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த கரும்புத் தீவில், குட்லண்ட்ஸ் பட்டணத்துக்கு ஒரு மைல் தள்ளியிருந்த அந்த ஊரில், போர் முடிந்து சர்க்கரை விலை ஏறிய கையோடு சொந்தமாகக் கரும்பு நிலம் வாங்கியவர்கள் பத்துப் பேர். மற்ற ஒன்பது பேரும் வாங்கினோமா, நட்டோமா என்று இருந்தார்கள். நாகலிங்கத்துக்கு மட்டும் அது போதவில்லை. தோட்டத்து மேனேஜரின் பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், அதன் தகரப் பீலியை முழுசாகக் கழற்றி வந்து தன் வீட்டுக் கூரையில் மாட்டினார். ஊரில் எல்லார் வீட்டு மழையும் தரையில் விழுந்து சேறாகும். நாகலிங்கம் வீட்டு மழை மட்டும் பீலியில் ஓடித் தொட்டியில் விழும். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு ஏதாவது ஒரு கெட்டது நடக்க வேண்டும் என்று தெருவில் நாலு பேராவது வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

நடந்தது. போன தைப்பூசத்தன்று.

பத்து நாள் விரதம் இருந்து, காவடி எடுத்து, வெயிலில் மூன்று மைல் நடந்து கோயிலுக்கு வந்ததும், காவடியில் கட்டிய செம்பை அவிழ்த்துப் பாலைச் சாமிக்கு ஊற்றுவார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் அத்தனை வெயிலிலும் பால் திரியாது. அன்று நாற்பது காவடி. முப்பத்தொன்பது செம்பில் பால் பாலாகவே இருந்தது. நாகலிங்கத்தின் செம்பைக் கவிழ்த்தால் ஒன்றுமே வரவில்லை. பூசாரி ஐயாசாமி செம்பின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். தொப்பென்று ஒரு வெள்ளைக் கட்டி தாம்பாளத்தில் விழுந்து உருண்டது.

பக்கத்து வீட்டு விநாயகம் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். “நான் ஒண்ணும் சொல்லலை. விரதத்தோட அஞ்சாம் நாள், காத்து அந்த வீட்டுப் பக்கமிருந்து அடிச்சப்போ ஒரு கருவாட்டு வாசனை வந்தது. அதை மட்டும்தான் சொல்றேன். மத்தபடி அவர் நல்ல மனுஷன்.”

அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்? அன்றிலிருந்து நாகலிங்கம் கடைக்குப் போனால், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மரியாதையாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி அலமேலு குளிர்க்காய்ச்சலில் கிடந்து, வைத்தியர் கையை விரித்த அன்று, “ஏழு வருஷம் காவடி எடுக்கிறேன், அவளை எழுப்பிக் கொடு” என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவர் அவர். அலமேலு எழுந்துவிட்டாள். காவடியோ இரண்டுதான் எடுத்தாகியிருந்தது. அதில் பீலி மாட்டுவதற்கு முன்னால் எடுத்த முதலாவது நன்றாக முடிந்தது, இரண்டாவது கட்டியாகிப் போனது. இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பூசாரி அவரைக் கூப்பிட்டு நேரடியாகவே சொன்னார்: “இந்தத் தடவையும் திரிஞ்சுதுன்னா, நாகலிங்கம், அப்புறம் காவடிப் பக்கம் வராதே. பந்தல்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போ. கோயிலுக்கும் ஒரு பேர் இருக்கில்ல.”

கருவாடு தின்னவில்லை என்று நாகலிங்கத்துக்குத் தெரியும். அப்படியானால் பால் ஏன் திரிந்தது? குளித்த தண்ணீர், சமைத்த தண்ணீர், செம்பு கழுவிய தண்ணீர் எல்லாம் சொந்தத் தொட்டித் தண்ணீர். தொட்டிக்குத் தண்ணீர் வந்தது பீலி வழியாக. ஆகவே ஏணி, ஆகவே மூக்கு.

பீலியின் மூன்று இணைப்பிலும் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. அதிலும் வெடிப்பு விட்டு, மழை பெய்தால் பாதித் தண்ணீர் சுவரில்தான் வழிந்தது. நாகலிங்கத்தின் மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தகர வேலை செய்கிற எட்மோனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

எட்மோன் ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரன், குடமும் வாளியும் ஒட்டுப்போடுவதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. மூன்று தலைமுறையாகத் தமிழர்களுக்குப் பக்கத்தில் குடியிருந்ததில் தமிழும் அவனுக்கு ஓட்டை வாளி மாதிரி ஒழுகி ஒழுகி வரும். ஐயா என்பது மட்டும் முசே என்றுதான் வரும். ஏணியில் ஏறினான். நகத்தால் அந்தக் கறுப்பைக் கொஞ்சம் சுரண்டினான். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆயோ, முசே நாகா! இது என் அப்பா கை வேலை. பங்களாவுக்கு அவர்தான் போட்டார். இருபத்தஞ்சு வருஷம் நின்னிருக்கு பாருங்க!”

“என்னது அது?”

“கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு. கூட கொஞ்சம் பன்னிக் கொழுப்பும் சேர்ப்பார், வளைஞ்சு கொடுக்கணுமில்ல.”

நாகலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் துண்டால் உடம்பெல்லாம் துடைத்துக்கொண்டார். அதன் பின்னாலேயே, சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சந்தோஷம் வந்தது. கருவாடு இல்லை! தான் இல்லை! பீலிதான் விரதத்தைக் கெடுத்திருக்கிறது. பத்து நாளும் மாட்டையும் பன்றியையும் கழுவிக் கழுவி வந்த தண்ணீரில் குளித்துவிட்டு வேல் வேல் என்று கத்தியிருக்கிறார்.

அன்று மத்தியானத்துக்குள் மூன்று இணைப்பையும் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, தொட்டியைக் கவிழ்த்துக் கழுவியாகிவிட்டது. இப்போது பீலியில் ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிக்குப் போகவில்லை. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஊர்க் குழாயிலோ மீன்காரி தினமும் கூடை கழுவுகிறாள். அந்தப் பக்கமே போவதில்லை என்று நாகலிங்கம் தீர்மானம் பண்ணிவிட்டார்.

“சரி, ஈயப் பத்து வெச்சிடறேன். அரை நாள் வேலை,” என்றான் எட்மோன்.

“அதுக்கு என்ன போடுவே?”

“ஈயம். அது ஓடறதுக்குக் கொஞ்சம் கொழுப்பு...”

“கூடாது!”

எட்மோன் அவரைப் பார்த்தான். பீலியைப் பார்த்தான். “முசே நாகா, காரேம் இருக்கறது நீங்களா, தகரமா?” கிரியோலில் விரதத்துக்குக் காரேம் என்று பேர்.

“ரெண்டு பேரும்.”

எட்மோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். முப்பது வருஷத் தொழிலில் ஓட்டை என்ன குலம், அதை அடைக்கிற பண்டம் என்ன சாப்பிடுகிறது என்று அவன் யோசிக்க நேர்ந்ததே இல்லை. ஆனாலும் வேலைக்காரன். யோசித்தான்.

“தார்?”

இந்த இடத்தில் வேலியோரம் செம்பருத்திச் செடி அசைந்தது. செடிக்குப் பின்னால் விநாயகம் முருங்கை பறித்துக்கொண்டிருந்தார். முருங்கை மரம் வீட்டின் மறுபக்கத்தில் இருந்தது. “தார் நிலக்கரியிலேர்ந்து எடுக்கறது அண்ணே,” என்றார். “நிலக்கரி என்னன்னு ஆலை இஞ்சினியர் ஜெரார் சொல்லியிருக்கார். பழைய காடு, மண்ணுக்குள்ளே போய்க் கறுத்துப் போனது.”

“காடுன்னா மரம்தானே? சைவம்தானே?”

“மரம்தான். ஆனா காட்டிலே மிருகம் இருந்திருக்காதா? அதுங்க எல்லாம் ஓடிப்போயிருக்கும்னு நெனைக்கறீங்களா? நான் ஒண்ணும் சொல்லலை. சந்தேகம்தான்.”

தார் போயிற்று.

“சிவப்பு ஈயப் பொடி இருக்கு,” என்றான் எட்மோன். “ஆளிவிதை எண்ணெயிலே குழைச்சு அடைச்சா கல்லு மாதிரி. ஆனா அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது. விஷம்.”

“விஷம் இருக்கட்டும். அசைவமா?”

“அசைவம் இல்லை. ஈயம், எண்ணெய், அவ்வளவுதான்.”

“அப்ப சரி, போடு.”

“ஏங்க!” என்று உள்ளேயிருந்து அலமேலு கத்தினாள். “என்னைப் பொழைக்க வெச்சதுக்குத்தானே காவடி? விஷத்தைக் குடிச்சிட்டு எதுக்கு?”

நாகலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்லவேளையாக எட்மோன் சிவப்புப் பொடியைப் பூசுகிற பிரஷைப் பையிலிருந்து எடுத்தான். வேலிக்கு அப்பாலிருந்து உடனே ஒரு செருமல் கேட்டது. “பன்னி மயிரு,” என்றார் விநாயகம், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

அலமேலுவின் உயிரை இரண்டாவது தடவை காப்பாற்றியது அந்தப் பன்றிதான். நன்றி சொல்ல ஆளில்லை.

கடைசியில் அலமேலுவே வெளியில் வந்தாள். அவளுடைய தகப்பனார் கப்பலுக்கு ஓட்டை அடைக்கிற வேலை தெரிந்தவர். “சுண்ணாம்பு, நல்லெண்ணெய், குங்கிலியம்,” என்றாள். “கொஞ்சம் கரும்புப் பாகு. உரல்ல போட்டு ஒரு பகல் முழுக்க இடிக்கணும். அதுலே எங்கே ஆடு மாடு இருக்கு?”

எட்மோனும் ஒத்துக்கொண்டான். சுண்ணாம்பு செடியில்லை, மிருகமில்லை, மண். எண்ணெய் எள். குங்கிலியம் மரத்துப் பிசின். சாமிக்கே புகை போடுவது. கரும்பு சொந்தக் கொல்லைக் கரும்பு. நாகலிங்கம் முதல் தடவையாக அன்று சிரித்தார்.

“சுண்ணாம்பு,” என்றார் விநாயகம் மெதுவாக, “இந்த ஊர்லே எதிலேர்ந்து எடுக்கறாங்க?”

எல்லாருக்கும் தெரியும். கடலோரத்துச் சூளையில் பவழப் பாறையைக் கொட்டிச் சுட்டு எடுக்கிறார்கள்; வாரத்துக்கு இரண்டு வண்டி அந்தத் தெரு வழியாகத்தான் போகும்.

“பவழம் கல்லு,” என்றார் நாகலிங்கம்.

“கல்லா? வளருதே! கல்லு எங்கேயாவது வளருமா? மீன்காரங்களைக் கேளுங்க. உள்ளே சின்னச் சின்னதா பூச்சி வாய் திறந்து திறந்து மூடுமாம். நான் பார்த்ததில்லை.”

நாகலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனார். விநாயகம் கூடவே போனார். அப்படிப்பட்ட ஒரு கேள்வி தனியாகப் போவதை அவரால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

பூசாரி ஐயாசாமி மண்டபத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கொடியேற்றத்துக்காகக் கோயில் முழுக்க நேற்றுத்தான் வெள்ளையடித்து முடித்திருந்தது. வெயிலில் கண் கூசியது.

“பூசாரியாரே, பவழத்துக்கு உசிர் உண்டா?”

“என்னப்பா?”

நாகலிங்கம் பீலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கொழுப்பு, நிலக்கரி, பன்றி மயிர், பூச்சி வாய். “பவழத்துக்கு உசிர் இருந்தா சுண்ணாம்பு அதோட எலும்பு. எலும்பு அசைவம். அப்ப நான் பீலிக்குப் பூசக் கூடாது, இல்லையா?”

பூசாரி மெல்லுவதை நிறுத்தினார். வாயில் வெற்றிலை. வெற்றிலையில் சுண்ணாம்பு. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தூண், வெள்ளைக் கோபுரம். மூன்று தலைமுறையாக வருஷத்துக்கு ஒரு பூச்சு. நாகலிங்கத்தின் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால், சாமி இத்தனை நாளும் எதற்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகிவிடும். முப்பத்தொன்பது காவடியும் எதற்குள் போய் நின்றன? எழுந்து போய்த் துப்புவதா, முழுங்குவதா? எதைச் செய்தாலும் அது ஒரு தீர்ப்பு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கன்னம் ஒரு பக்கமாக உப்ப அப்படியே உட்கார்ந்திருந்தார். விநாயகம் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நவரத்தினம் எத்தனை?” என்று ஒருவழியாகக் கேட்டார் பூசாரி, வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு.

“ஒன்பது.”

“பவழம் அதுலே ஒண்ணா, இல்லையா?”

“ஒண்ணு.”

“வைரத்துக்கு உசிர் உண்டா? மாணிக்கத்துக்கு உண்டா? எட்டுக்கு இல்லாத உசிர் ஒன்பதாவதுக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்? சாமி கழுத்துலே பவழ மாலை போடறோமே, எலும்பையா போடறோம்?”

“முத்தும் ஒன்பதுலே ஒண்ணுதானே,” என்று விநாயகம் தொடங்கினார், “அது சிப்பிக்குள்ளே...”

“விநாயகம்!” பூசாரி அவ்வளவு சத்தமாகப் பேசி ஊர் கேட்டதில்லை. “சுண்ணாம்பு சைவம். நான் சொல்றேன். பூசம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் என்கிட்டே எதுவும் கேட்கக் கூடாது.” சொல்லிவிட்டு வெற்றிலையை மொத்தமாக முழுங்கினார்.

மறுநாள் அலமேலு உரலில் இடித்தாள். வெளுப்பாய், வாசனையாய், தோசை மாவு பதத்தில் வந்தது. பூசுவதற்கு எட்மோன் கையை நீட்டினான். நாகலிங்கம் தயங்கினார்.

“எட்மோன், காலையிலே என்ன சாப்பிட்டே?”

“ரொட்டி. கொஞ்சம் பன்னி வறுவல்.”

ஆகையால் எட்மோன் மாமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாயால் வேலை செய்தான். “இடது பக்கம்! அழுத்துங்க! முசே நாகா, அது கடவுள் இல்லை, தடவிக் கொடுக்காதீங்க, அழுத்துங்க!” நாகலிங்கம் விரலால் மூன்று இணைப்பையும் அடைத்து, மேலே வாழை மட்டை வைத்துக் கட்டி, காய விட்டார்.

விரதத்தின் இரண்டாம் நாள் காலையில் பீலி கறுத்திருந்தது. கலவை கறுக்கவில்லை; எறும்பு. கரும்புப் பாகின் சேதி எப்படித்தான் போனதோ, குட்லண்ட்ஸ் எறும்பு எல்லாம் அங்கே வந்திருந்தது. எட்மோன் ஒரு வாளி கொதிநீர் கேட்டான். நாகலிங்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏணிக்கு முன்னால் நின்றார். கொடியேறிவிட்டது, கழுத்தில் மாலை போட்டாகிவிட்டது. விரதக்காரன் எறும்பைக் கொல்வதா?

“அப்ப கலவையைத் தின்னுடுமே!”

“கேட்டுப் பார்க்கலாம்.”

எப்படிக் கேட்டார் என்றால், பீலியிலிருந்து சுவர் வழியாக, முற்றத்தைக் கடந்து, வேலி வரைக்கும் சர்க்கரையைக் கோடு கோடாகத் தூவி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கை நிறையக் கொட்டி வைத்தார். சாயங்காலத்துக்குள் எறும்பு எல்லாம் மரியாதையாக வரிசை கட்டி விநாயகம் வீட்டுச் சமையலறைக்குக் குடிபோய்விட்டன. விநாயகமும் அந்த வருஷம் காவடி எடுக்கிறவர். அவரும் கொல்ல முடியாது. எட்டு நாள் ஒரு காலைத் தூக்கி ஒரு காலை வைத்து நடந்தார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரித்தாள்.

தொட்டி காலியாக இருந்த அத்தனை நாளும் குளிக்கவும் சமைக்கவும் அடுத்த ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். ஏழாம் நாள் மழை கொட்டியது. தெரு ஆறாக ஓடியது. நாகலிங்கம் நனைந்துகொண்டே பீலியின் கீழே நின்று ஒவ்வொரு இணைப்பாக அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. சட்டையோடு சேர்த்துக் கண்ணும் நனைந்திருந்தது, மழையாகத்தான் இருக்கும்.

அந்த மழையில் ஊர்க் குழாய் செம்மண் குழம்பாகிவிட்டது. பூசத்தன்று விடிகாலையில் முதல் ஆளாக வந்தவர் விநாயகம்தான், கையில் செம்போடு. “உங்க தண்ணிதான் சுத்தமாமே அண்ணே. ஊரே சொல்லுது.” ஊருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நாகலிங்கம் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. நாற்பது செம்பும் அந்தத் தொட்டியில் கழுவப்பட்டன.

வெயில் போன வருஷத்தை விட மோசம். மூன்று மைல். நாக்கில் குத்திய வேலோடு நாகலிங்கம் ஒரு வார்த்தை பேச முடியாமல் நடந்தார். மனசுக்குள் மட்டும் பால், பால், பால் என்று அடித்துக்கொண்டது. கோயிலில் பூசாரி செம்பை வாங்கினார். மண்டபமே எட்டிப் பார்த்தது. சரித்ததும் வெள்ளையாய், ஒரே தாரையாய், தடையில்லாமல் ஓடியது.

அலமேலு அழுதாள். நாகலிங்கம் நாக்கிலிருந்து வேலை எடுத்ததும் முதலில் சொல்லப்போகிற வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பினார்.

ஊர் அவரைப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த செம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. விநாயகம் செம்பு: பால். மீதி முப்பத்தெட்டு செம்பும் பால். எந்த வருஷமும் ஒன்றிரண்டு லேசாகத் திரிந்து நூல் விடும். மரியாதைக்கு யாரும் சொல்வதில்லை. இந்த வருஷம் கறந்த மாதிரியே இருந்தது.

“பீலி!” என்று யாரோ சொன்னார்கள்.

“ஆமா, பீலிதான்! என்ன சுத்தம்!”

“பீலின்னா அதுதான் பீலி,” என்றார் விநாயகம். “நான் அப்பவே சொன்னேன், எதை அடைக்கறோம்ங்கறதை யோசிச்சு அடைக்கணும்னு.”

மறுநாள் பூசாரி ஐயாசாமி நாலு பெரியவர்களோடு நாகலிங்கம் வீட்டுக்கு வந்தார். ஒரு மாலையும் கொண்டுவந்திருந்தார். நாகலிங்கம் கழுத்தை நீட்டினார். பூசாரி, “ஏணி எங்கே?” என்று கேட்டார்.

மாலை பீலிக்குப் போட்டாகியது. மஞ்சள், குங்குமம் வைத்தார்கள். பிறகு பூசாரி தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டார்.

“நாகலிங்கம், வருஷா வருஷம் பூசத்தன்னிக்கு நாற்பது செம்புக்கும் இங்கேதான் தண்ணி. நீதான் மொண்டு குடுக்கணும், பீலியைக் காவல் காக்கணும். அதனால அடுத்த வருஷத்திலேர்ந்து நீ காவடி எடுக்க வேண்டாம்.”

“எனக்கு இன்னும் நாலு பாக்கி இருக்கே! வேண்டுதல்!”

“பீலியைப் பார்த்துக்கறதே காவடிதான். முருகன் ஒத்துக்குவார்.”

“அவரைக் கேட்டீங்களா?”

“நீ என்னை எதுவும் கேட்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேனே,” என்றார் பூசாரி. பூசம் முடிந்துவிட்டது என்று நாகலிங்கம் எடுத்துச் சொல்வதற்குள் அவர்கள் வேலிப் படலைக் கதவு தாண்டிப் போய்விட்டார்கள்.

முற்றத்தில் வெகு நேரம் நின்றார். காய்ச்சலில் அலமேலுவின் கை எப்படிச் சுட்டது என்பது நினைவுக்கு வந்தது. அன்று பேசியது தானும் முருகனும். நடுவில் பீலியை யார் கூப்பிட்டது? ஒழுகுகிற பீலியை யாரும் காவல் காக்கச் சொல்லமாட்டார்கள். அக்கம்பக்கம் பார்த்தார். வேலியோரம் செம்பருத்தி அசையவில்லை. ஏணியை மூன்றாவது இணைப்புக்கு நேராகச் சாத்தி, ஏறி, மாலையை ஒதுக்கிவிட்டு, நகத்தால் கலவையைச் சுரண்டினார். வரவில்லை. இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து அதன் முனையால் நெம்பினார். பாக்குவெட்டி முனை வளைந்தது. கலவை அசையவில்லை.

கீழே அலமேலு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க பண்றீங்க அங்கே?”

“கெட்டியா இருக்கான்னு பார்க்கறேன்.”

“இருக்கா?”

நாகலிங்கம் இன்னொரு தடவை, உடம்பு பலமெல்லாம் கொடுத்து நெம்பிப் பார்த்தார்.

“இருக்கு,” என்றார்.

“நாலு காவடி பாக்கி இருக்கில்ல. கொஞ்சம் நகருங்க,” என்றாள் அலமேலு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உரலோரம் கிடந்த உலக்கையை எடுத்துத் தோளில் சாய்த்து, ஏணியில் காலை வைத்தாள்.